எபனேசர் சாரைப் பத்தி ஒரு பக்கம்

உள்ள வாங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. போனை மேசை மேல வச்சுக்கிடுங்க, பதிவாகட்டும். நான் கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவேன். கிரவுண்டுல கத்திக் கத்திப் பழகின தொண்டை, வீட்டுக்குள்ளயும் அப்படித்தான் வருது.

எபனேசர் சார் நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேணும்னு சொன்னீங்க. சொல்றேன். ஆனா அவருகிட்ட ஆடினவங்க எத்தனை பேரு இருக்காங்க. ரயில்வேல இருக்கான், போலீஸ்ல இருக்கான், துபாய்ல இருக்கான். அவங்களை விட்டுட்டு என்கிட்ட எதுக்கு வந்தீங்க? நான் உங்க மிஷன் ஸ்கூல் ஆளே கிடையாது. பக்கத்து கவர்மெண்ட் ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா இருந்தவன். எபனேசர் சார் டீம் ஜெயிச்சுதுன்னு நீங்க எங்க வாசிச்சாலும், எதிர்ப்பக்கம் ஒரு டீம் தோத்திருக்கும்ல, அந்த டீமோட மாஸ்டர் நான். நான் விடாம தோத்துக் கொடுத்ததுனாலதான் அவரு பெரிய கோச்சு ஆனாரு. இதை வேணும்னா முதல் வரியாப் போட்டுக்கிடுங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிர்றேன். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பல வருஷமாக் கிடையாது. அவருக்குச் சர்க்கரை இருந்துச்சு. வீட்டுல சீனி இல்லாத காபி குடிச்சிட்டு, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில போயி பாதுஷா தின்பாரு. வலது முழங்கால்ல வலி, மழை வரப்போகுதுன்னா முந்தின நாளே சொல்லிரும். சின்ன மக பெங்களூர்ல இருக்கா, மருமகன் கறி மீன் தொடமாட்டாரு, அதுல இவருக்கு ஒரு வருத்தம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. ஊர்ல பேசிக்கிடுவாங்க, காதுல விழும். மத்தபடி எனக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

நான் ஆதியில கபடி ஆளு தம்பி. இப்ப இந்த வயித்தைப் பாத்தா நம்பமாட்டீங்க. பாடி வர்றவன் காலைப் பிடிச்சு அமுக்குறதுல சங்கரன்கோயில் வட்டாரத்துல எனக்கு ஒரு பேரு இருந்துச்சு. வாழ்க்கையில வேற எதுக்காகவும் நான் யாரு காலையும் பிடிச்சதில்லை, அதனாலதான் கடைசி வரைக்கும் அதே ஸ்கூல்ல கிடந்தேன். வேலையில சேர்ந்த அன்னைக்கு ஹெட்மாஸ்டர் என்னையக் கூப்பிட்டு, மைதானத்துல நிக்கிற ரெண்டு இரும்புக் கம்பத்தைக் காட்டினாரு. உள்ளூர் மில்லு முதலாளி வாங்கிக் கொடுத்ததாம்.

"இது என்னன்னு தெரியுமா கோமதிநாயகம்?"

"பாஸ்கட்பால் போஸ்ட்டு சார்."

"அப்ப இந்த வருஷம் டீம் போட்ருங்க. மொதலாளி வந்து பாப்பாரு."

"சார், எனக்குக் கபடிதான் தெரியும்."

"அதுலயும் ஓடுறாங்க, இதுலயும் ஓடுறாங்க. என்ன பெரிய வித்தியாசம்?"

அவரு கணக்கு வாத்தியார். அவருக்கு எல்லாம் ஒண்ணுதான்.

ரூல் புஸ்தகம் ஒண்ணு இருந்துச்சு, இங்கிலீஷ்ல. முதல் பக்கத்துல கோர்ட்டுக்கு அளவு போட்டிருந்துச்சு, அதை வச்சு சுண்ணாம்புக் கோடு போட்டேன். ரெண்டாம் பக்கத்துல தூக்கம் வந்துருச்சு. அப்பத்தான் யோசிச்சேன். எங்க ஸ்கூலுக்கும் மிஷன் ஸ்கூலுக்கும் நடுவுல ஒரு சுவருதான். அந்தப் பக்கம் எபனேசர் சார் சாயங்காலம் சாயங்காலம் பிராக்டிஸ் கொடுக்காரு. அப்பவே பேர் போன கோச்சு அவரு, என்னைய விட ரெண்டு மூணு வயசு மூப்பு இருக்கும். எங்க பக்கம் சுவரை ஒட்டி ஒரு தண்ணித் தொட்டி. அது மேல ஏறி நின்னா மூக்கு வரைக்கும் சுவருக்கு மேல வரும். பூவரச மரத்துக் கிளை ஒண்ணு அங்கன தாழ்ந்து கிடந்துச்சு, அதுக்குப் பின்னாடி நின்னா யாருக்கும் தெரியாது. அங்கன நின்னுதான் தம்பி நான் பாஸ்கட்பால் படிச்சேன். இதை மலர்ல போட வேண்டாம்.

ரொம்ப வசதியான இடம். ஏன்னா எபனேசர் சார் எப்பவும் அந்தச் சுவர்ப் பக்கத்து ரிங்குலதான் பாடம் எடுப்பாரு. இன்னொரு ரிங்கு நிழல்ல இருக்கும், அங்க போகமாட்டாரு. இங்கன வெயில்ல நின்னு கத்துவாரு. தொண்டை பெருசு அவருக்கு. ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் சொல்லுவாரு, பையன்கள் செஞ்சதுக்கப்புறம் மறுபடி மெதுவாச் செய்யச் சொல்லுவாரு. அவரு பையன்களுக்குக் கொஞ்சம் மந்த புத்தி போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன். ஒரு கோடையில மிஷன்காரங்க அந்தப் பூவரசை வெட்டினாங்க, மரம் பூரா மொட்டையடிச்சிட்டு அந்த ஒரு கிளையை மட்டும் விட்டுட்டாங்க. வேலைக்காரங்க அப்பவே சோம்பேறிகதான்.

என்ன, உள்ள இருந்து என்ன சொல்ற? என் சம்சாரம் சொல்றா பாருங்க தம்பி, அந்தக் கிளையை அவரு உங்களுக்காகத்தான் விட்டாரு, அவரு உங்களுக்குத்தான் பாடம் எடுத்தாருன்னு. கல்யாணம் ஆன நாளா இதையே சொல்றா. சண்முகவடிவுக்கு எல்லா விஷயமும் தெரியும், பாஸ்கட்பால் மட்டும் தெரியாது.

சரி, அந்த முதல் வருஷத்துக்கு வருவோம். நான் தொட்டி மேல ஏறின முதல் நாளு, அவரு பையன்க வலது கையைத் துண்டை வச்சு இடுப்போட சேர்த்துக் கட்டியிருக்காரு. எல்லாரும் இடது கையாலயே பந்தைத் தட்டிக்கிட்டு ஓடுறான், ரெண்டு எட்டு வச்சுக் குதிக்கிறான், போர்டுல அடிச்சு ரிங்குக்குள்ள விடுறான். மறுநாளும் அப்படித்தான். அந்த மாசம் பூரா அப்படித்தான். நான் என்ன புரிஞ்சுக்கிடணும்? பாஸ்கட்பால்னா இடது கை ஆட்டம்னு புரிஞ்சுக்கிட்டேன். கபடியில மூச்சு விடக்கூடாதுல்ல, அது மாதிரி இதுல வலது கை ஆகாது போலன்னு. வீட்டுல இருந்து துண்டு கொண்டுவரச் சொன்னேன். எங்க பையன்க எல்லாத்துக்கும் கையைக் கட்டினேன். ஒருத்தன் கேட்டான், "சார், சோத்துக் கையை எதுக்கு சார் கட்டுறீங்க?" "ரூலுடா"ன்னேன்.

தாலுகா மேட்ச்சு வந்துச்சு. எங்க டீம் கோர்ட்டுக்குள்ள இறங்குது. வலது கை எல்லாம் துண்டால கட்டியிருக்கு. ரெஃப்ரி விசிலை வாயில வச்சவரு எடுத்துட்டாரு. என் பக்கத்துல வந்து மெதுவாக் கேட்டாரு.

"சார், பையன்களுக்குக் கையில எதுவும் அடியா?"

"இல்லையே சார்."

"எல்லாருக்குமா?"

அப்பத்தான் எதிர் டீமைப் பாக்கேன். அவன் ரெண்டு கையாலயும் பந்தைப் பிடிச்சு வார்ம்அப் பண்ணிக்கிட்டிருக்கான். எனக்கு உள்ளங்கால்ல வேர்த்துருச்சு. "அவிழ்த்துருங்கடா"ன்னேன். "வேணும்னேதான் கட்டினேன்"னு ரெஃப்ரிகிட்ட சொன்னேன். என்னத்துக்கு வேணும்னே கட்டினேன்னு அவரு கேக்கலை. கேட்டிருந்தா நான் காலி.

ஆனா பாருங்க தம்பி, ஜெயிச்சுட்டோம். அவிழ்த்து விட்டாலும் பையன்களுக்கு இடது கைதான வரும்? எல்லாப் பயலும் இடது பக்கமாவே போறான், இடது கையாலயே போடுறான். எதிர் டீமுக்கு ஒண்ணுமே விளங்கலை, வலது பக்கம் மறிச்சு மறிச்சு நிக்கான். அதுக்கடுத்த மேட்ச்சும் ஜெயிச்சோம். உள்ளூர்ப் பத்திரிகையில 'இடது கை வியூகம்'னு போட்டான். மில்லு முதலாளி வந்து எனக்குச் சால்வை போட்டாரு. 'இந்த மாதிரி யோசனை எப்படி சார் வந்துச்சு?'ன்னு கேட்டாரு. 'அது அனுபவம் சார்'னேன். எனக்கு அனுபவம் எத்தனை வாரம்னு அவருக்குத் தெரியாது.

அரையிறுதியில எபனேசர் டீம் வந்துச்சு. அவரு பையன்க எங்க பையன்களை இடது பக்கமே விடலை. ஆட்டம் பாதியிலயே முடிஞ்சுருச்சு. அப்புறம் டீக்கடையில என்கிட்ட வந்தாரு. அதான் அவரு என்கிட்ட முதல் முதலாப் பேசினது. "சார், பையன்க அருமையாத் தயாராயிருக்காங்க. இனி வலது கையையும் பழக்கிருங்க"ன்னாரு. சிரிக்கலை, சாதாரணமாத்தான் சொன்னாரு. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. தோத்தவன்கிட்ட வந்து குத்திக் காட்டணுமா? அந்த வாரம் தொட்டி மேல ஏறிப் பாத்தா, மனுஷன் அவரு டீமை வலது கையில முதல்ல இருந்து பழக்கிக்கிட்டிருக்காரு. அஞ்சாங்கிளாஸ் பையனுக்குச் சொல்ற மாதிரி. ஜெயிச்ச டீமுக்கு அது எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

அப்படியே சில வருஷம் ஓடிச்சு. நானும் கத்துக்கிட்டேன். தோத்தாலும் கௌரவமாத் தோத்தோம். அப்பத்தான் என் கையில ஒரு பய சிக்கினான், இசக்கிமுத்து. சுண்ணாம்புக் கல் சுடுற காளவாசல்ல வேலை பாத்தவரு மகன். ஒன்பதாவது படிக்கையிலயே வாசல் நிலையில தலை இடிக்கும். குதிச்சான்னா ரிங்கு வலையில கை போகும். அவனுக்கு நான்தான் ஆட்டம் சொல்லிக் கொடுத்தேன். நான்தான்னா, நான் தொட்டி மேல பாத்ததை. அது கிடக்கட்டும். பத்தாவது முடிச்சதும் அவங்க அப்பா, பம்பாய்ல மாமன் கடையில கொண்டு போயி விடப் போறேன்னு நின்னாரு. நான் போயிப் பேசினேன், என் பேச்சு எடுபடலை. மறுவாரம் பாத்தா, பய மிஷன் ஸ்கூல்ல பதினொண்ணாவது சேர்ந்திருக்கான். ஹாஸ்டல்ல இடம், சாப்பாடு எல்லாம் எபனேசர் ஏற்பாடு. காளவாசலுக்கே நடந்து போயி அவங்க அப்பாகிட்ட பேசியிருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. என் பயலைத் தூக்கிட்டாரு தம்பி. அப்பட்டமாத் தூக்கிட்டாரு.

எங்க ஸ்கூல்ல பதினொண்ணாவது கிடையாதுதான். அது வேற விஷயம்.

அந்த வருஷம் பொங்கல் டோர்னமெண்ட். ஊரே திரண்டு நிக்கும் அதுக்கு. ஃபைனல்ல எங்க டீமும் எபனேசர் டீமும். எங்க பசங்க எல்லாரும் பத்தாவதுக்குக் கீழ. அங்க இசக்கிமுத்து, என்கிட்ட படிச்ச ஆட்டத்தை எனக்கு எதிராவே ஆடுறான். ஆனா அன்னைக்கு எங்க பயல்களுக்கு என்ன வந்துச்சோ தெரியலை, உசுரைக் கொடுத்து ஆடினானுங்க. கடைசி நிமிஷத்துல ஒரு பாயிண்ட் நாங்க முன்னாடி. கூட்டம் கத்துற கத்துல ரெஃப்ரி விசிலே கேக்கலை. நான் பெஞ்சுல உக்காரமாட்டேன், கபடிப் பழக்கம், கோட்டை ஒட்டிக் குத்த வச்சுத்தான் உக்காருவேன். வேட்டியை மடிச்சுக் கட்டி, கை ரெண்டும் முன்னாடி நீட்டி.

இசக்கிமுத்து எங்க பையன்கிட்ட இருந்து பந்தைத் தட்டிட்டான். தட்டிட்டு ஓரமா, கோட்டை ஒட்டி, என் முன்னாடியே ஓடி வர்றான். முன்னாடி ஒருத்தனும் இல்லை. போட்டான்னா அவங்க ஜெயிச்சாச்சு. நான் எதுவும் யோசிக்கலை தம்பி. என் கை யோசிச்சுருச்சு. ஓடி வர்றவன் கணுக்காலு என் கைக்கு எட்டுற தூரத்துல தெரியுது. பிடிச்சுட்டேன்.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. ஊரே அன்னைக்கு அப்புறமா சிரிச்சுச்சு. முதல்ல சிரிக்கலை. பய குப்புற விழுந்து பந்து ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். என் கை இன்னும் காலை விடலை. கபடியில விசில் அடிச்சாத்தான விடுவோம். ரெஃப்ரி ஓடி வந்து, "சார், விடுங்க சார்"ன்னாரு. அதுக்கப்புறம்தான் விட்டேன். கோச்சு காலைப் பிடிச்சா என்ன செய்யணும்னு எந்த ரூல் புஸ்தகத்துலயும் இல்லை. ரொம்ப நேரம் கூடிப் பேசி, கூடை விழுந்ததா வச்சுக்கிடுவோம்னு அவங்களுக்கு ரெண்டு பாயிண்ட் கொடுத்தாங்க. ஒரு பாயிண்ட்ல தோத்தோம். இசக்கிமுத்துக்கு முழங்கால்ல தோல் வழண்டு ரத்தம். அவன் எந்திரிச்சு என்னையப் பாத்து, "சார், பிடி ஸ்ட்ராங்கா இருந்துச்சு சார்"ன்னான். அவன் நல்ல பய.

ஆனா விஷயம் அதோட நிக்கலை. மிஷன் ஸ்கூல் பழைய மாணவர் ஒருத்தரு மேலிடத்துக்கு எழுதிப் போட்டுட்டாரு. மாணவனைத் தாக்கிய ஆசிரியர்னு. விசாரணைக்கு மாவட்டத்துல இருந்து உடற்கல்வி ஆய்வாளர் வந்தாரு. எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை. மூத்தவ பிறந்து மூணு மாசம். சண்முகவடிவு அன்னைக்குக் காலையில பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு என் முன்னாடி வந்து நின்னா. சட்டையில பித்தான் மாறிப் போட்டிருந்தேன், அதை மட்டும் சரி பண்ணி விட்டா.

ஹெட்மாஸ்டர் ரூம்ல விசாரணை. சாட்சிக்கு எபனேசர் வந்தாரு. ஆய்வாளர் கேட்டாரு, "நீங்க பக்கத்துல நின்னீங்களா? என்ன பாத்தீங்க?"

எபனேசர் கோயில்ல சாட்சி சொல்ற மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற மனுஷன். "சார் உக்காந்திருந்த இடத்துல யாரோ தண்ணியைக் கொட்டி வச்சிருந்தாங்க. எந்திரிக்கும்போது வழுக்கிருச்சு. விழாம இருக்கக் கையை நீட்டினாரு. பையன் கால் தட்டுப்பட்டுருச்சு."

தண்ணி. தை மாசத்துல, காய்ஞ்சு புழுதி பறக்குற கிரவுண்டுல, தண்ணி. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. பத்து வருஷம் கபடி ஆடினவன் நான். வழுக்கி விழுந்தேன்னு எங்க ஊர்க்காரன் காதுல விழுந்தா நான் எப்படித் தலை காட்டுவேன்?

எந்திரிச்சு நின்னேன். "வழுக்கலை சார். பிடிச்சேன். நல்லாவே பிடிச்சேன்"ன்னேன்.

ஹெட்மாஸ்டர் தலையில கையை வச்சுட்டாரு. ஆய்வாளர் பேனாவைக் கீழ வச்சுட்டு என்னையப் பாத்தாரு. எபனேசர் ஒரு விநாடி கூட யோசிக்கலை. ஆய்வாளர்கிட்ட குனிஞ்சு, "விழுந்ததுல பின்னந்தலையில அடி சார். அன்னையில இருந்தே இப்படித்தான் பேசிக்கிட்டிருக்காரு. வீட்டுல ரொம்பப் பயந்து போயிருக்காங்க, கைப்பிள்ளைக்காரி"ன்னாரு.

ஆய்வாளர் என்னையப் பாத்த பார்வையில ஒரே பரிதாபம். கேஸை முடிச்சுட்டாரு. போகும்போது, "நல்ல டாக்டரா பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்கு வேலை நிலைச்சுது, சரி. ஆனா அரசாங்க ரெக்கார்டுல என்னையக் கிறுக்கன்னு எழுத வச்சது யாரு? அன்னைக்கோட அவருகிட்ட பேச்சை நிறுத்தினேன். நீங்களே நியாயம் சொல்லுங்க.

சரி, இருக்கட்டும் தம்பி. காபி ஆறுது, குடிங்க.

பேச்சு இல்லைன்னா சுத்தமா இல்லை. எங்க மேட்ச்சு நடந்தாலும் அவரு ஒரு ஓரம் உக்காருவாரு. நான் பக்கத்துல உக்காருவேன், ஏன்னா அங்கதான் நிழல் இருக்கும். ரெஃப்ரி தப்பா விசில் அடிச்சா, "கண்ணு தெரியாதவனுக்கெல்லாம் விசிலைக் கொடுக்காங்க"ன்னு நான் பொதுவாச் சொல்லுவேன். அவரு பொதுவா, "ஆமா"ம்பாரு. அம்புட்டுதான். ரெண்டு பேரும் ரிட்டயர் ஆனோம். அவரு சும்மா இருக்கலை, மிஷன் ஸ்கூல்ல பொம்பளைப் பிள்ளைகளைச் சேர்த்ததும் அவங்களுக்கு ஒரு டீம் போட்டாரு. நான் சாயங்காலம் டாக்டர் நடக்கச் சொன்னதுக்காக அங்க நடக்கப் போவேன். வேற கிரவுண்டு தூரம். நடந்து முடிச்சா உக்காரணும்ல, உக்காருவேன். பொழுது சாயறவரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்திருப்போம், ஒரு வார்த்தை கிடையாது. ஒருநாள் அவரு வரலைன்னா எனக்கு எரிச்சலா இருக்கும். வர்றவன் வராட்டி எரிச்சல் வரும்ல, அதான்.

போன ஐப்பசியில போயிட்டாரு. காலையில எந்திரிக்கலை, அவ்வளவுதான். நான் மாலை வாங்கிட்டுப் போனேன். அவரு பழைய பையன்க எல்லா ஊர்ல இருந்தும் வந்துட்டானுங்க. எல்லாம் ஆறடிக்கு மேல. சுவர் மாதிரி நிக்கானுங்க, நான் குள்ளன், எனக்கு முதுகுகதான் தெரியுது. எட்டி எட்டிப் பாக்கேன், ஒண்ணும் தெரியலை. சரி, மாலையை யாருகிட்டயாவது கொடுத்துட்டுத் திரும்பிரலாம்னு நினைச்சேன். அப்ப ஒரு நரைச்ச தலை திரும்பிச்சு. இசக்கிமுத்து. ரயில்வேல ஆடி, அங்கயே அதிகாரியா ஆயி, போன வருஷம்தான் ரிட்டயர் ஆனான். "எங்க சார் வந்திருக்காரு, வழி விடுங்கப்பா"ன்னான். யாரைச் சொல்றான்னு நானும் திரும்பிப் பாத்தேன். பின்னாடி யாரும் இல்லை.

வழி விட்டாங்க. போயி பாத்தேன். பாத்துட்டு வந்தேன். அதைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்லை.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். ரோஸ்லின் டீச்சர், அவரு சம்சாரம், இங்க வந்தாங்க. நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் உக்காந்தாங்க. "அண்ணே, சனிக்கிழமை பிள்ளைகளுக்கு மேட்ச்சு இருக்காம். வந்து வந்து கேக்குதுக. ஸ்கூல்ல புது ஆளு போட இன்னும் நாளாகும். அவுக அடிக்கடி சொல்லுவாக, எனக்கு முடியாமப் போனா கோமதிநாயகம் சார் இருக்காருன்னு. உங்ககிட்ட கேட்டாகளான்னு எனக்குத் தெரியலை."

கேக்கலை. எங்களுக்குத்தான் பேச்சுவார்த்தை கிடையாதே. என்னையக் கேக்காமலே என் தலையில கட்டிட்டுப் போயிட்டாரு. கடைசி வரைக்கும் அவரு குணம் மாறலை பாருங்க.

போனேன். மத்தவங்க முகத்துக்காகப் போனேன். பத்துப் பன்னெண்டு பிள்ளைக, எல்லாம் வாயாடிக. கேப்டன் பேரு அபிஷா, பன்னெண்டாவது படிக்குது, கண்ணாடியைக் கயிறு கட்டிப் போட்டுக்கிட்டு ஆடும். சனிக்கிழமை மேட்ச்சு. நான் ராத்திரியெல்லாம் யோசிச்சு வியூகம் வகுத்து வச்சிருந்தேன். அம்புட்டு வருஷம் அவரைப் பாத்து வச்சிருக்கேன், எனக்குத் தெரியாததா? தோத்தோம் தம்பி. சாதாரணத் தோல்வி இல்லை. ஸ்கோர் போர்டுல நம்பர் மாத்துற ஆளுக்குக் கை வலிச்சிருக்கும். எதிர் டீம் கோச்சு கடைசியில இரக்கப்பட்டு நல்லா ஆடுறவங்களை உக்கார வச்சுட்டான். எபனேசர் வாழ்நாள் பூரா ஜெயிச்சு வச்சிருந்த பேரை நான் ஒரே பகல்ல காலி பண்ணிட்டேன். பஸ்ல திரும்பி வர்றோம். அபிஷா முன் சீட்டுல இருந்து எந்திரிச்சு என் பக்கத்துல வந்து உக்காந்துச்சு.

"சார், ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கிடமாட்டீங்கள்ல?"

"சொல்லு."

"எபனேசர் சார் டைம் அவுட்ல பேசவே மாட்டாங்க. தண்ணி குடிங்கம்பாங்க. எல்லாரும் குடிச்சு முடிச்சப்புறம் ஒண்ணே ஒண்ணு சொல்லுவாங்க. நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்களா, நாங்க யாரும் தண்ணியே குடிக்கலை."

அம்புட்டு வருஷம் பக்கத்துலயே உக்காந்து பாத்திருக்கேன். அவரு தண்ணி கொடுக்கிறதை நான் கவனிச்சதே இல்லை.

"சரி, அடுத்த மேட்ச்சுல குடிப்போம்"னேன்.

"அடுத்த மேட்ச்சுக்கும் நீங்கதான வருவீங்க?"ன்னு கேட்டுச்சு.

"வேற யாரு இருக்கா?"ன்னேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டிப் போட்டேன். எனக்கு ஒரு பழக்கம் தம்பி. வேலையில சேர்ந்த நாள்ல இருந்து, தோத்துட்டு வந்தா இதே இடத்துல நின்னு எபனேசரைத் திட்டுவேன். அந்த ஆளு கிரவுண்டு சாதகம், அந்த ஆளுக்கு ரெஃப்ரி சாதகம், அந்த ஆளுக்கு ஆண்டவர் சாதகம், இப்படி. சண்முகவடிவு அரிசி களைஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பா. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அது நின்னதில்லை. அன்னைக்கும் வந்து நின்னு, வாய் தானா ஆரம்பிச்சுருச்சு. "இந்த எபனேசர் இருக்கானே..."ன்னேன்.

அதோட நின்னுட்டேன். மேல வரலை. அவரு டீம்தான் இப்ப என் டீம். எதிர்ப்பக்கம் நின்ன ஆளு இல்லை. நான் யாருகிட்ட தோத்தேன்னே எனக்குத் தெரியலை. தூணைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கேன்.

சண்முகவடிவு அடுப்பை அணைச்சுட்டு வந்தா. கையைச் சேலையில துடைச்சுக்கிட்டு எதிர்த்தாப்புல உக்காந்தா. எத்தனையோ வருஷமா நான் திட்டும்போது அவ உக்காந்து கேட்டதே கிடையாது.

"என்ன, பாதியில நிறுத்திட்டீங்க. திட்டுங்க. நான் கேக்குறேன்"னா.

திட்டினேன் தம்பி. ரொம்ப நேரம் திட்டினேன். அவ என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா. கடைசியில எந்திரிச்சுப் போயி சோறு போட்டா, ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.